நொபோரு கராஷிமா சோழர் வரலாற்றில் உண்மையில் என்ன செய்தார்?

காவிரிக்கரையான்:

இந்தக் குழுமத்தில் சோழர் என்று தேடினால் கப்பற்படை, கடாரம், பெரிய கோயில் விமானத்துக் கல்லின் எடை என்று இழைகள் வந்துகொண்டே இருக்கின்றன. நொபோரு கராஷிமாவுக்கு ஒன்றுகூட இல்லை. யாராவது பெயரைச் சொன்னாலும் "தமிழ் படித்த ஜப்பான்காரர், பத்மஸ்ரீ வாங்கினார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் இதைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1933-இல் டோக்கியோவில் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்கு வந்தார், அப்போது உதகமண்டலத்தில் இருந்த இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு அலுவலகத்தில் மைப்படிகளை (கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த நகல்களை) வைத்துக்கொண்டு எழுத்துப் படிக்கப் பழகினார். பிறகு நெடுங்காலம் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், ஓய்வுக்குப் பின் தைஷோ பல்கலைக்கழகம். 1995-இல் ஃபுகுவோகா ஆசியப் பண்பாட்டுப் பரிசு, 2003-இல் ஜப்பான் அகாதமி பரிசு, 2013-இல் பத்மஸ்ரீ. உடல்நிலை காரணமாக டெல்லிக்கு வர முடியாமல் போனதால் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் டோக்கியோ சென்றபோது அங்கேயே நேரில் கொடுத்தார். 2015 நவம்பரில் காலமானார்.

பரிசுப் பட்டியல் போதும். அவருடைய ஆய்வு நமக்குப் புதிதாக எதைச் சொன்னது என்று படித்தவர்கள் எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததை நானும் எழுதுகிறேன்.

மெய்க்கீர்த்தி:

நல்ல இழை. கல்வெட்டியல் பாடமாகப் படித்தவள் என்ற முறையில் எனக்கு அவருடைய 1966 கட்டுரையிலிருந்துதான் தொடங்கத் தோன்றுகிறது. அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களைப் பற்றியது. திருச்சிக்கு மேற்கே ஜீயபுரம் பக்கத்தில் இருக்கிறதே, அந்த அல்லூர்தான். ஈசானமங்கலமும் அதே வட்டாரம். இரண்டுக்கும் முற்காலச் சோழர் கல்வெட்டுகள் கிடைக்கின்றன.

அவர் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது: இந்த ஊரில் நிலம் யாருடையது? ஈசானமங்கலம் பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். அங்கே பிராமணர்கள் தனித்தனி ஆளாக நிலம் வைத்திருக்கிறார்கள், தனித்தனியாக விற்கிறார்கள், உழுகிறவர்கள் வேறு ஆட்கள். அல்லூர் பிரமதேயம் அல்லாத ஊர். அங்கே நிலத்தை விற்பது "ஊர்" என்ற கூட்டம், தனி ஆள் இல்லை. நிலம் ஊராருக்குப் பொதுவாக இருந்திருக்கிறது, அவர்களில் பலர் தாங்களே உழுதவர்களாகவும் இருந்திருக்க வேண்டும் என்கிறார். அதாவது ஒரே அரசன் ஆட்சியில், ஒரே ஆற்றுத் தண்ணீர் பாயும் மண்ணில், இரண்டு வேறு வகையான சமூகம்.

இதற்கு முன்பும் கல்வெட்டுகளைப் படித்தார்கள், நிறையவே படித்தார்கள். ஆனால் பெரும்பாலும் அரசன் பெயர், ஆட்சியாண்டு, போர், கோயில் தானம் என்ற வரிசையில்தான் பார்த்தார்கள். கீழே இருக்கிற விற்பனைப் பகுதியை, எல்லை சொல்லும் வரிகளை, கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களை ஒரு வாதத்துக்கு அடிப்படையாக்கி உட்கார்ந்து படித்தது இவர்தான் என்று சொல்வேன்.

செந்தில்_தரவு:

இரண்டே ஊர்களை வைத்துக்கொண்டு சோழநாடு முழுவதையும் பற்றிப் பேச முடியுமா? இது என் நேர்மையான சந்தேகம். நான் புள்ளிவிவரத் துறையில் வேலை செய்கிறவன், இவ்வளவு சிறிய மாதிரியை எங்கள் அலுவலகத்தில் ஏற்க மாட்டார்கள்.

மெய்க்கீர்த்தி:

செந்தில், அதே சந்தேகம்தான் அவருடைய அடுத்த இருபது வருட வேலையை நடத்தியது என்று எனக்குத் தோன்றுகிறது. 1972-இல் பா. சீதாராமனோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் வரிச்சொற்களை எண்ணினார். இறை, கடமை, குடிமை, வெட்டி, எச்சோறு, அந்தராயம் என்று நூற்றுக்கணக்கில் வரும் சொற்களில் எது எந்தக் காலத்தில், எந்தப் பகுதியில் எத்தனை முறை வருகிறது என்று. எல்லாச் சொல்லையும் ஒன்றாகக் கொட்டிச் சோழர்கள் மக்களிடம் நானூறு வரி வாங்கினார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். பல சொற்கள் ஓரிரு முறை மட்டும் வருகின்றன, சில சொற்கள்தான் மீண்டும் மீண்டும் வருகின்றன. அந்தச் சிலதான் உண்மையில் அரசு நடந்த வழி.

அதற்கப்புறம் கல்வெட்டியலாளர் எ. சுப்பராயலு, தோரு மத்ஸுயி ஆகியோரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு மூன்று தொகுதிகளில் ஓர் அடைவு. 1978-இல் மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை வெளியிட்டது. கணினியில் ஏற்றிச் செய்த வேலை என்பதைக் கவனியுங்கள். அன்றைக்குத் தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றவே வழி கிடையாது, எல்லாவற்றையும் குறியீடாக மாற்றித்தான் உள்ளே கொடுத்திருப்பார்கள்.

செந்தில்_தரவு:

சரி, இது வேறு மாதிரி இருக்கிறது. பெயர்களை எண்ணி என்ன கிடைத்தது?

காவிரிக்கரையான்:

நான் சொல்கிறேன். கல்வெட்டில் ஒரு பெயர் பெரும்பாலும் தனிப்பெயராக மட்டும் வராது. எந்த ஊர்க்காரன், எந்த ஊரை உடையவன், அரசன் கொடுத்த பட்டம் என்ன என்று சேர்ந்துதான் வரும். "இன்ன ஊருடையான், இன்னான், ஆன, இன்ன மூவேந்தவேளான்" என்று நீளமாகப் போகும். கராஷிமா சோழர் காலத்தை நான்காகப் பிரித்துக்கொள்கிறார்: 850 முதல் 985 வரை, பிறகு 1070 வரை, பிறகு 1178 வரை, பிறகு 1279 வரை. மூவேந்தவேளான், பிரமராயன் போன்ற பட்டங்கள் ராஜராஜன் வந்ததிலிருந்து கூடுவதும், அதிலும் மூவேந்தவேளான் பின்னாளில் மங்கிப்போவதும், அரையன், ராயன் என்று முடியும் வேறு பட்டங்கள் மேலே வருவதும் எண்ணிக்கையில் கண்ணுக்குத் தெரிகிறது. அரசு தனக்கென்று ஓர் அதிகாரி வர்க்கத்தை உருவாக்கிய காலம் அது, அந்த அமைப்பு தளர்ந்த காலம் இது என்று கை வைத்துக் காட்ட முடிகிறது.

வரலாற்றாளர் நீலகண்ட சாஸ்திரி 1930களில் எழுதியபோது சோழ அரசைப் பைசாந்தியப் பேரரசு போன்ற வலிமையான மைய அரசாகப் பார்த்தார். 1980-இல் அமெரிக்க வரலாற்றாளர் பர்ட்டன் ஸ்டைன் நேர் எதிராக, அப்படி ஒன்றும் இல்லை, நாடு என்ற, பல ஊர்கள் சேர்ந்த பகுதிகள்தான் தங்களைத் தாங்களே நடத்திக்கொண்டன, அரசன் சடங்குத் தலைவன் மாதிரி, ஆப்பிரிக்கச் சமூகங்களைப் பார்த்துச் சொன்ன கூறாக்க அரசு இங்கேயும் பொருந்தும் என்றார். இரண்டு பக்கமும் புத்தகம் புத்தகமாகச் சண்டை. கராஷிமாவும் சுப்பராயலுவும் ஸ்டைனை மறுத்தது கோட்பாட்டால் இல்லை. ராஜராஜன் பழைய நாட்டு எல்லைகளை வெட்டிக்கொண்டு, ஆற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவே என்று வளநாடு என்ற பெரிய பிரிவுகளை அமைத்தான். நிலத்தை அளந்தான். புரவுவரித் திணைக்களம் என்று வரிக் கணக்குக்கே ஒரு துறை இருந்தது. நாடுகள்தான் எல்லாம் என்றால் அவற்றை இப்படிக் குறுக்கே வெட்ட ஓர் அரசனுக்கு எப்படி முடிந்தது? இந்தக் கேள்விக்கு ஸ்டைன் பக்கத்திலிருந்து திருப்தியான பதிலை நான் இன்றுவரை படிக்கவில்லை.

பாலைக்குரல்:

எல்லாம் சரி. ஆனால் நான் ஒரு எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும். கல்வெட்டு யார் வெட்டியது? கோயில் வெட்டியது, கோயிலுக்குக் கொடுத்தவன் வெட்டியது. நிலம் இல்லாதவன், தானம் கொடுக்க முடியாதவன், கோயிலுக்குள் நுழையவே முடியாதவன் அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறான்? கல்லில் இருப்பதை மட்டும் எண்ணினால் கல்லில் இடம் கிடைத்தவர்களின் வரலாறுதான் வரும். எண்கள் வந்துவிட்டால் அது அறிவியல் என்று நம்பிவிடுகிறோம்.

மெய்க்கீர்த்தி:

பாலைக்குரல், இது முக்கியமான எதிர்ப்பு, மேலோட்டமாகப் பதில் சொல்ல விரும்பவில்லை.

கராஷிமாவே இதைப் பற்றி யோசித்திருக்கிறார். ஒரு கல்வெட்டு வெளிப்படையாகச் சொல்வது ஒன்று, பல கல்வெட்டுகளைச் சேர்த்து வைத்தால் அவை முணுமுணுப்பது இன்னொன்று, அந்த முணுமுணுப்பைக் கேட்கத்தான் எண்ணிக்கை வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. கல்வெட்டை வெட்டியவன் நமக்குச் சொல்ல நினைக்காத செய்தி அதில்தான் வருகிறது.

உதாரணம் தருகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களின் பட்டியல் அங்கேயே கல்லில் இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் மொத்த நிலம் எவ்வளவு, அதில் வரி விதிக்காமல் கழிக்க வேண்டிய நிலம் எவ்வளவு என்று கணக்கு. கழிக்கும் பகுதியில் என்னென்ன வருகிறது தெரியுமா? ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாணச்சேரி, வண்ணாரச்சேரி, ஈழச்சேரி (கள் இறக்குவோர் சேரி), பறைச்சேரி, தீண்டாச்சேரி. வரிக் கணக்கு எழுதியவனுக்குச் சாதியைப் பற்றிப் பேசும் எண்ணமே கிடையாது. கழிவு நிலத்தைச் சரியாக எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் படுகையில் மக்கள் எப்படிப் பிரித்துக் குடியமர்த்தப்பட்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடக் கடுமையான சாட்சி எங்கே கிடைக்கும்?

இதே பட்டியலிலிருந்து இன்னொன்றையும் எடுத்தார். கம்மாளர் சேரியும் வண்ணார் சேரியும் எல்லா ஊரிலும் இல்லை, சில ஊர்களில்தான் இருக்கின்றன. அப்படியென்றால் ஒவ்வொரு கிராமமும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்ட தன்னிறைவுச் சிற்றுலகம் என்று ஆங்கிலேய அதிகாரிகள் எழுதி, மார்க்ஸும் எடுத்துக்கொண்டு, நம் தேசிய வரலாற்றாளர்களும் பெருமையாகச் சொன்ன படம் நிற்காது. பல ஊர்கள் சேர்ந்த நாடுதான் வாழ்க்கையின் அலகாக இருந்திருக்க வேண்டும். பின்னாளில் தீண்டாமை பற்றித் தமிழ்க் கல்வெட்டுகளையும் பிற சான்றுகளையும் வைத்துத் தனிக் கட்டுரையும் எழுதினார். நிலமில்லாதவனின் குரல் அதில் இல்லை என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அவன் குடியிருந்த இடம் இருக்கிறது. அதைத் தேடி எடுத்தது இவர்தான்.

பாலைக்குரல்:

தீண்டாச்சேரி என்ற சொல்லே வரிக் கணக்கில் இருக்கிறது என்பதை இந்தக் குழுமத்தில் "சோழர் காலத்தில் சாதி இல்லை" என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை படிக்கட்டும். என் எதிர்ப்பு முழுவதும் போய்விடவில்லை, ஆனாலும் இந்த விளக்கத்துக்கு நன்றி.

வலிகாமத்தான்:

நான் இன்னொரு பக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். தனிநாயகம் அடிகள் முன்னின்று 1964-இல் டெல்லியில் தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்கு 1989 முதல் 2010 வரை தலைவராக இருந்தவர் கராஷிமா. இலங்கையில் எங்கள் பக்கத்தில் பலருக்கு அவரை அப்படித்தான் தெரியும்.

அந்த மன்றத்தின் 1995 தஞ்சாவூர் மாநாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழறிஞர்கள் சிலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், பேராசிரியர் கா. சிவத்தம்பியும் அதில் ஒருவர். ஓர் ஆய்வு மாநாட்டுக்கு அழைப்போடு வந்தவர்களுக்கு நடந்தது அது. அதன் கசப்பு எங்களுக்கு இன்றும் போகவில்லை. மாநாடுகளை அரசுகள் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை. 2009-இல் தமிழக அரசு அடுத்த மாநாட்டைக் கோவையில் சில மாதங்களுக்குள் நடத்தப்போவதாக அறிவித்தபோது, ஆய்வாளர்கள் கட்டுரை எழுதி வர ஒரு வருடமாவது வேண்டும் என்று கராஷிமா சொன்னார். உடன்பாடு ஏற்படவில்லை. அரசு 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு என்று தனியாக நடத்தியது. அவர் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார், காரணங்களை நாளிதழில் கட்டுரையாகவே எழுதினார். ஆட்சியில் இருக்கும் ஒரு முதல்வரிடம் தேதி போதாது என்று சொல்ல எத்தனை தமிழ்ப் பேராசிரியர்களுக்குத் தைரியம் வந்திருக்கும்?

கொங்குத்தமிழ்:

கோவை மாநாட்டைக் குறைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. லட்சக்கணக்கான மக்கள் வந்தார்கள். தமிழ் செம்மொழி என்று 2004-இல் அறிவிக்கப்பட்ட பிறகு அதைக் கொண்டாட மக்களுக்கு ஒரு விழா வேண்டாமா? ஆராய்ச்சி என்பது நாலு பேர் அறைக்குள் உட்கார்ந்து பேசுவது மட்டும்தானா? ஒரு மொழிக்கு ஆதரவு தருவது மக்கள்தான், பேராசிரியர்கள் இல்லை.

காவிரிக்கரையான்:

கொங்குத்தமிழ், விழா வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. விழாவை விழா என்று சொல்லி நடத்துங்கள், ஆய்வு மன்றத்தின் பெயரில் நடத்துவதாக இருந்தால் ஆய்வுக்கு நேரம் கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. வரிச்சொற்களை எண்ணுவதற்கே வருடங்கள் செலவழித்த மனிதர், மூன்று நான்கு மாதத்தில் ஆயிரம் கட்டுரை கொண்டுவா என்றால் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? இந்த விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம்.

கொங்குத்தமிழ்:

உங்கள் கருத்து உங்களுக்கு. மாநாட்டில் நேரில் நின்றவன் என்ற முறையில் என் கருத்து எனக்கு. ஆனால் அவர் ஆய்வை நான் மதிக்கிறேன், அதையும் பதிவு செய்கிறேன்.

பொன்னியின்_மகள்:

அரசியலை விட்டுவிட்டு 1429-ஆம் ஆண்டு வரி எதிர்ப்புக்கு வாருங்களேன். எனக்கு கராஷிமாவின் எழுத்தில் மிகவும் பிடித்தது அதுதான், இங்கே இன்னும் யாரும் சொல்லவில்லை.

விஜயநகர ஆட்சியில், 15-ஆம் நூற்றாண்டில், காவிரிப் பக்கமும் தென்னார்க்காடு பக்கமும் பல கோயில்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான கல்வெட்டுகள் வெட்டப்படுகின்றன. கொறுக்கை, ஆடுதுறை, திருவைகாவூர் என்று பல இடங்கள். வெட்டியவன் அரசன் இல்லை. வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் (அன்றைய இரு பெரும் சாதி அணிகள்) ஒன்றாகக் கூடி, அதிகாரிகளும் பிராமண வெள்ளாளக் காணியாளர்களும் (நில உரிமை உடையவர்களும்) தங்களை வரியால் வதைக்கிறார்கள், இனி இவ்வளவுதான் கொடுப்போம் என்று தாங்களே கட்டணத்தை முடிவு செய்து கல்லில் போட்டிருக்கிறார்கள். காணியாளருக்குக் கணக்கு எழுதக் கூடாது என்றும் கட்டுப்பாடு. எப்போதும் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டவர்கள் என்று நாம் படித்த வலங்கையும் இடங்கையும் சேர்ந்து நின்றிருக்கிறார்கள்! உழவரும் கைவினைஞரும் சேர்ந்து எழுந்த இந்த எதிர்ப்பைக் கராஷிமாவும் சுப்பராயலுவும் ஊர் ஊராகக் கல்வெட்டுகளைச் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு கல்வெட்டை மட்டும் பார்த்தால் உள்ளூர் வரித் தகராறு. எல்லாவற்றையும் வரைபடத்தில் வைத்தால் ஒரு வட்டாரமே கிளர்ந்தது தெரிகிறது.

பள்ளிப் பாடப் புத்தகத்தில் இது ஏன் இல்லை? கிருஷ்ணதேவராயரின் அவைப் புலவர்கள் எட்டுப் பேரையும் என்னை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள்.

செந்தில்_தரவு:

அக்கா, இது எனக்குப் புதிய செய்தி. முன்னால் சொன்ன அல்லூர் கதைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா? அங்கே பொதுவாக இருந்த நிலம் இங்கே காணியாளர் கையில் இருக்கிறதே, நடுவில் என்ன நடந்தது?

மெய்க்கீர்த்தி:

சரியான இடத்தைப் பிடித்தீர்கள் செந்தில். அதுதான் அவருடைய வாழ்நாள் வாதத்தின் நடுப்பகுதி.

பிற்காலச் சோழர் காலத்தில், குறிப்பாக 13-ஆம் நூற்றாண்டில், திருவானைக்காவலில் உள்ள நில விற்பனைக் கல்வெட்டுகளைப் பாருங்கள். பிரமதேயம் அல்லாத ஊர்களிலும் தனி ஆட்கள் நிலம் விற்கிறார்கள். ஏதோ ஒரு துண்டு வயல் இல்லை, பெரிய பெரிய பரப்பு. விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் பல நேரம் பட்டம் தாங்கியவர்கள். முன்பு ஊர் என்ற கூட்டம் நின்ற இடத்தில் இப்போது காணி உடைய தனி ஆள் நிற்கிறான். அரசன் அதிகாரிகளுக்கு நிலம் கொடுத்தது, படையெடுப்பில் வந்த செல்வம் சிலர் கையில் சேர்ந்தது, படைப்பிரிவில் இருந்த மலைப்பகுதி மக்கள் சமவெளிக்கு வந்து நிலம் பெற்றது என்று காரணங்களைச் சேர்க்கிறார். பழைய ஊரும் பிரமதேயச் சபையும் நாடும் தளர்ந்துபோகும்போது சித்திரமேழிப் பெரியநாடு மாதிரியான பெரிய கூட்டமைப்புகளும், ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவும், சாதிக் குழுக்களும் மேலே வருகின்றன. அந்தக் காணியாளர்களின் பின்னோர்கள் மேல்தான் 1429-இல் மக்கள் கோபப்படுகிறார்கள். 1966-இல் இரண்டு ஊரை வைத்து எழுப்பிய கேள்வி இங்கே வந்து சேர்கிறது. இதை முதல்முறை தொடர்ச்சியாகப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

விஜயநகர நாயக்கர்களைப் பற்றி 1992-இல் தனி நூல் எழுதினார். நாயக்கர் என்று பெயர் வரும் கல்வெட்டுகளை மாவட்டவாரியாகத் திரட்டி, அவர்கள் நிலத்தோடும் கோயிலோடும் என்ன உறவு வைத்திருந்தார்கள் என்று பார்க்கிறார். அதை நிலமானிய முறை என்று அவர் அழைப்பது எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் அளவுகோல் அது, நாயக்கர் மேல் கொஞ்சம் இறுக்கமாகவே உட்கார்கிறது. ஆனால் திரட்டி வைத்த சான்று யாருக்கும் பயன்படும், அவர் முடிவை ஏற்காதவனுக்கும்.

வலிகாமத்தான்:

கடல் வணிகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்நூற்றுவர் கல்வெட்டுகளைத் தேடித் தென்னிந்தியா, இலங்கை, சுமாத்ரா என்று குழுவாக வேலை செய்தார்கள். சுமாத்ராவின் பாரூஸ் பக்கத்தில் லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் அந்த வரிசையில் வருகிறது. கூடவே சீனப் பீங்கான் ஓடுகள். ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் கிடைத்தவற்றைச் சீனப் பயணக் குறிப்புகளோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். கல்வெட்டுக்காரர் உடைந்த ஓட்டையும் பொறுக்கினார் என்பது எனக்குப் பெரிய மரியாதையைத் தருகிறது.

செந்தில்_தரவு:

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. தமிழில் இருந்தால் அப்பாவுக்கும் கொடுப்பேன்.

காவிரிக்கரையான்:

அப்பாவுக்குத் தமிழில் "வரலாற்றுப் போக்கில் தென்னகச் சமூகம்" என்ற நூலைத் தேடிப் பாருங்கள், சோழர் காலக் கட்டுரைகள் அதில் இருக்கின்றன. புதிதாகக் கிடைப்பது கஷ்டம், பல்கலைக்கழக நூலகம் அல்லது பழைய புத்தகக் கடை. அதோடு சுப்பராயலுவின் கட்டுரைகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள், இருவரின் வேலையையும் பிரிக்க முடியாது. உங்களுக்கு, 1984-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட கல்வெட்டு ஆய்வுத் தொகுப்பு. அல்லூர் கட்டுரை அதில்தான் இருக்கிறது. 2014-இல் அவர் தொகுத்த தென்னிந்தியச் சுருக்க வரலாறு முழுப் படத்துக்கு நல்லது, ஆனால் அதில் முதலில் இறங்காதீர்கள். முடிவுகள்தான் வரிசையாக இருக்கும், அவர் யோசிக்கும் முறை தெரியாது. நடை வறண்டதுதான், முதல் சில கட்டுரைகளில் அட்டவணைகள் அயர்ச்சி தரும். அட்டவணையைத் தாண்டிப் போகாமல் அதையே நிதானமாகப் படியுங்கள், உங்கள் வேலைக்கு அது பழக்கமானதாகவே இருக்கும்.

மெய்க்கீர்த்தி:

இன்னொன்று. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது எல்லோரும் கொண்டாடினோம். படியெடுத்து வைத்தும் நூலாக வராமல் கிடக்கும் கல்வெட்டுகள் இன்னும் ஏராளம். கராஷிமா எண்ணியது பெரும்பாலும் அச்சில் வந்தவற்றை. மீதியும் அச்சேறினால் அவர் போட்ட அட்டவணைகளில் சில மாறும், சில உறுதிப்படும். செந்தில், உங்களைப் போலத் தரவு தெரிந்தவர்களும் பழைய எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை அது. எழுத்துப் படிக்க ஆர்வம் இருந்தால் தனிமடல் போடுங்கள், நான் சொல்லித் தருகிறேன்.

செந்தில்_தரவு:

போட்டுவிட்டேன். வட்டெழுத்திலிருந்து தொடங்க வேண்டுமா, தமிழ் எழுத்திலிருந்தா?

மெய்க்கீர்த்தி:

சோழர் காலம் என்றால் தமிழ் எழுத்தே போதும், கொஞ்சம் கிரந்தம் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்லூர் கல்வெட்டுப் பாடங்களிலிருந்தே ஆரம்பிப்போம்.